அப்பா சீரியஸ்

எங்கள் வீட்டில் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலம்தான் இல்லை. லீவு, டென்ஷன், சீரியஸ் என்று வாய்க்கு வாய் வரும். எல்லாம் நாங்கள் தத்தெடுத்து, பெயரை மட்டும் மாற்றாமல், எங்கள் வழக்கப்படி வளர்த்த பிள்ளைகள். ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்தால் அவருக்கே அடையாளம் தெரியாது.

இதில் ‘சீரியஸ்’ பற்றி நான் கொஞ்சம் விவரமாக எழுதியாக வேண்டும். அந்த ஒரு சொல்லை வைத்து ரவாங்கிலிருந்தும் செந்தூலிலிருந்தும் ஆட்களை அழஅழக் கிள்ளானுக்கு வரவழைத்தவள் நான்தான். அதுவும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் எங்கள் டியூஷன் நிலையம். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசத்தின் வாசனை மேலே ஏறினால் பிள்ளைகளின் கவனம் கீழே இறங்கிவிடும். படிவம் நான்கு, படிவம் ஐந்து மாணவர்கள். அவர்களுடைய கட்டுரைகளில் வருஷம் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: மை அங்கிள் வாஸ் சீரியஸ், ஸோ வீ வென்ட் டு த ஹாஸ்பிட்டல். நானும் வருஷம் தவறாமல் சிவப்பு மையில் வட்டம் போடுவேன்.

“டீச்சர், கரெக்ட்தானே? மாமா உண்மையாவே சீரியஸா இருந்தாரு.”

“உங்க மாமா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஜோக் அடிக்காம இருந்தாருன்னு அர்த்தம் வருது. அதுக்கா குடும்பத்தோட பாக்கப் போனீங்க?”

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் வெண்பலகையில் எழுதிக் காட்டுவேன். ஆங்கிலத்தில் நோய் சீரியஸாக இருக்கலாம், காயம் இருக்கலாம், நிலைமை இருக்கலாம். ஆள் சீரியஸ் என்றால் அவர் விளையாடவில்லை, சொல்வதை மனதாரச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் நம்முடைய தமிழில் நோயை விட்டுவிட்டு ஆளையே சீரியஸ் ஆக்கிவிட்டோம். ‘ஆள் சீரியஸ்’ என்று யாராவது ஃபோனில் சொன்னால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுக்க வேண்டியதுதான். மலாய்ப் பிள்ளைகள் வாயில் இதே சொல் இன்னொரு வேலை பார்க்கும். நாசி லெமாக் சோற்றின் விலை ஏறிவிட்டது என்று சொன்னால்கூட, கண்ணை விரித்து “சீரியஸ்லா?” என்பார்கள். உண்மையாகவா என்று அர்த்தம். ஒரே சொல், மூன்று வேலை. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு ஒரே குஷியாக இருக்கும். பெல் அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

இனி அப்பாவுக்கு வருகிறேன். கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேலி பேசாமல் அவரால் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக்கூடத் திறக்க முடியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அப்பா டாக்டரைப் பார்த்துக் கேட்டார்:

“பைபாஸ் போட்டா டோல் யாரு டாக்டர் கட்டுறது?”

டாக்டர் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே டோல் சாவடி வந்துவிடும். அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். “அறுவைன்னா பயமாப்பா? இத்தன வருஷம் நீங்க போட்ட அறுவைய விடவா வலிக்கப் போகுது?” என்று அவர் வழியிலேயே போயும் பார்த்தான். அப்பா அதற்கு முதுகில் தட்டிப் பாராட்டினாரே தவிரச் சம்மதிக்கவில்லை.

அவருக்குப் பயம்தான். எனக்குத் தெரியும். பாசார் சந்தைக்கு நடந்து போகும்போது இரண்டு இடத்தில் நிற்பார். மூச்சு வாங்குவது தெரியக்கூடாதென்று யார் வீட்டுச் செடியையோ ஆராய்வதுபோல் குனிந்துகொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். “உங்களுக்கு வாழ்க்கையில எதுவுமே சீரியஸ் இல்லையாப்பா?” என்று. அவர் எழுந்து பின்வாசல் பக்கம் போய்விட்டார். நானும் சொல்லிக்கொள்ளாமல் கோலாலம்பூருக்கு ரயிலேறி, என் வாடகை அறைக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த புதன்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்கு, பள்ளி விடுமுறை வகுப்புகள் இரண்டுக்கு இடையில் ஃபோனைப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து ஒரு செய்தி, அவன் வழக்கம்போல் ரோமன் எழுத்தில், முற்றுப்புள்ளி எதுவும் இல்லாமல்:

‘அப்பா சீரியஸ் உடனே வா’

வெண்பலகையில் காலை வகுப்புக்கு நான் எழுதிய பெயரடைப் பட்டியல் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. அதற்கு முன்னால் நின்றுகொண்டுதான் அந்த நான்கு சொற்களையும் படித்தேன். ஒரு கணம்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. அம்மாவைக் கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் எண் திரையில் மூன்றாவதாக இருந்தது. அதை அழுத்த விரல் வரவில்லை. அவர் ஃபோனை வேறு யாராவது எடுத்து, வேறு ஒரு குரலில் “ஹலோ” என்றால்? அந்த ஹலோவைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அழுத்தியிருந்தால் அவரே எடுத்திருப்பார். மொத்தக் கூத்தும் அங்கேயே முடிந்திருக்கும்.

கே.எல். சென்ட்ரலுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் என்றது பலகை. அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான் நான் ரவாங் அத்தையைக் கூப்பிட்டேன். அப்பாவின் அக்கா. குடும்பத்தில் எது நடந்தாலும் முதலில் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

“அத்தை, அப்பா சீரியஸாம். அண்ணன் மெசேஜ் போட்டிருக்கான்.”

“ஐயோ, என் தம்பி!”

அவ்வளவுதான், லைன் துண்டிக்கப்பட்டது. எந்த ஆஸ்பத்திரி, யார் பக்கத்தில் இருக்கிறார்கள், எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி இல்லை. அந்தச் சொல்லின் சக்தி அப்படி.

பெண்கள் பெட்டியில் உட்கார்ந்துகொண்டேன். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. சுபாங் ஜெயா வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை கத்திய வாக்கியம் நூறு தடவை என் காதில் கேட்டுவிட்டது. நான் கடைசியாக அவரிடம் பேசியது அதுதானா? ஷா ஆலம் தாண்டியபோது எதிரே இருந்த மலாய் ஆன்டி ஒருவர் டிஷ்யூ பாக்கெட்டை முழுசாகவே என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கிள்ளானில் இறங்கி, கார் பிடித்து, எங்கள் தாமான் குடியிருப்பின் முனையிலேயே இறங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டு கேட் திறந்திருந்தது. கூட்டம் இல்லை. போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைலியும் பனியனுமாக, மடியில் செய்தித்தாளை விரித்து ஒருவர் ரம்புத்தான் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“வந்துட்டியா பாப்பா? ஏன் இப்படி வேர்த்து ஊத்துது? ரயில தள்ளிக்கிட்டு வந்தியா?”

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது கோபம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன், வாயில் ரம்புத்தான் அரைபடுவதைப் பார்த்தேன், கொட்டையை எடுத்துத் தாளில் வைக்கும் விரலைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிற ஒருவர் எத்தனை காரியம் செய்கிறார்! அப்புறம்தான் சாக்கடைத் திட்டில் உட்கார்ந்தேன்.

அண்ணன் உள்ளேயிருந்து ஃபோனோடு வந்தான். “ஏய், என்னாச்சு?”

“அப்பா சீரியஸ்னு நீதானே அனுப்புன!”

“ஆமா. சீரியஸ்தான்.” அவனுக்கு விளங்கவில்லை. “காலையில ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டாங்க. யாரோ ஒரு ஆள் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன வேண்டாம்னுட்டாராம். அந்த இடம் நம்ம அப்பாவுக்கு வேணுமான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். அப்பா சரின்னுட்டாரு. நான் ஜோக்குன்னு நெனச்சேன். ‘டேய், நான் சீரியஸ், பாப்பா வந்து அந்த சம்மத பாரத்த படிச்சுச் சொல்லட்டும்’னாரு. அதான் அனுப்புனேன். நீதானே ஞாயித்துக்கிழம கேட்ட, எதுவுமே சீரியஸ் இல்லையான்னு?”

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தை ஏதோ தேறினால் போதும் என்று படித்தவன் என் அண்ணன். அவன் எழுதியது பிசகில்லாத ஆங்கிலம். அகராதியில் உள்ள அதே அர்த்தம். வருஷக்கணக்காகச் சிவப்பு வட்டம் போட்டவள் அதைத் தமிழில் படித்துவிட்டு ரயிலில் அழுதுகொண்டு வந்திருக்கிறேன்.

“அப்ப ஏன் ஃபோன் பிஸி?”

“ஆஸ்பத்திரி லைன்லா. நாப்பது நிமிஷம் மியூசிக் போட்டான்.”

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்திருப்பேன். அப்போதுதான் நினைவு வந்தது.

“ஐயோ, அத்தை!”

அவசரமாக ஃபோனை எடுத்தேன். வேண்டியிருக்கவில்லை. தெரு முனையில் ஒரு கார் திரும்பும் சத்தமும், காரைவிடச் சத்தமாக அத்தையின் குரலும் கேட்டன. பின்னாலேயே, அத்தை சேதி சொல்லியிருந்த செந்தூல் சித்தப்பாவின் வேன். அத்தை கதவைத் திறந்து, தலைமுடியை அவிழ்த்தபடியே, “என்னை விட்டுட்டுப் போயிட்டியே தம்பி...” என்று கேட்டுக்குள் வந்துவிட்டார்.

“எங்கேயும் போகலக்கா,” என்றார் அப்பா. “பழம் சாப்பிடு.”

அத்தை அவரைப் பார்த்தார். அவிழ்த்த முடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு அப்பாவின் தலை, தோள், கை என்று தடவிப் பார்த்துவிட்டு, ஓங்கி ஒரு அடி வைத்தார். தம்பிக்கு இல்லை, பக்கத்தில் நின்ற எனக்கு.

“படிச்ச புள்ளையாடி நீ?”

விஷயத்தை விளக்கினேன். ஆங்கிலத்தில் ஆள் சீரியஸ் என்றால் என்ன, தமிழில் என்ன என்று தொடங்கியதுமே அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சித்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எல்லோரும் சிரிக்கத் தொடங்கினோம். பாதிச் சிரிப்பில் அத்தை நிறுத்தினார்.

“செவ்வாக்கிழமையா ஆபரேஷன்?”

“ஆமா அத்தை,” என்றான் அண்ணன்.

“வேணாம். ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால நான் தலைய விரிச்சுப் போட்டு ஒப்பாரி வச்சுட்டேன். சகுனமே சரியில்ல. அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி.”

சிரிப்பு அடங்கியது. அப்பா கையிலிருந்த ரம்புத்தானை உரிக்காமலே கீழே வைத்தார். அவர் முகத்தில் வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். தப்பிக்க ஒரு கதவு திறந்திருக்கிறது. மூன்று மாதம் கேலியால் முட்டுக்கொடுத்து நின்றவர், ஒரு காலைப் பொழுதில் எப்படியோ துணிந்துவிட்டார். அந்தத் துணிச்சலை நான் ஒரே ஒரு ஃபோனில் கெடுத்துவிட்டேனா?

“அக்கா சொல்றதும் சரிதான்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு இருபது. நான் வாயைத் திறந்தால் அத்தைக்கு வீம்பு கூடும். மருத்துவம், ஆபத்து, டாக்டர் சொன்னது, எதுவும் சகுனத்துக்கு முன்னால் நிற்காது.

தேநீர்த் தட்டோடு வந்த அம்மாதான் பேசினார். சாதாரணமாக அத்தைக்கு எதிரே குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை.

“அண்ணி, உசுரோட இருக்கறவர செத்துட்டார்னு சேதி பரவுனா அவருக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்கள்ல?”

அத்தை யோசித்தார். “சொல்லுவாங்கதான்.”

“அப்புறம் என்ன? நீங்க ரவாங்லேருந்து அழுதுகிட்டே வந்திருக்கீங்க.”

“அது செத்துட்டார்னு பரவுனாத்தான்,” என்றார் அத்தை. சட்டம் படித்தவர்போல் விரலை ஆட்டினார். “இவ சீரியஸ்னுதானே சொன்னா? சீரியஸ் வேற, சாவு வேற.”

சரியான வாதம். சித்தப்பா தொண்டையைக் கனைத்தார்.

“அக்கா, வந்து... நான் வர்ற வழியில டெண்டுக்காரனுக்கு ஒரு ஃபோன் போட்டேன். நாளைக்கு வாசல்ல போடக் கூடாரம் இருக்கான்னு. முன்கூட்டியே கேட்டு வச்சா நல்லதுன்னு...”

“என்னான்னு சொன்ன?” என்றார் அத்தை.

சித்தப்பா தரையைப் பார்த்தார். “சீரியஸ்னா அவன் புக்கிங் எடுக்க மாட்டான்க்கா. அதனால... செத்துட்டார்னே சொல்லிட்டேன்.”

அப்பாவிடமிருந்துதான் வந்தது அந்தச் சிரிப்பு. நாற்காலி ஆட, மடியிலிருந்த தோலெல்லாம் சிதற, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பயந்தே போனேன்.

“எத்தன கூடாரம்டா சொன்ன?”

“ரெண்டு.”

“நம்ம ரோடு சின்னதுலா, ஒன்னு போதும்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினார். “கேட்டியாக்கா? முறைப்படி செத்தாச்சு. புக்கிங்கே ஆயிடுச்சு. இன்னும் என்ன?”

அத்தை அவிழ்ந்த முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டார். “அப்ப சரி,” என்றார். தேநீரை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒரு சகுனம் முறிந்து நான் பார்த்ததில்லை.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு சம்மதப் பாரத்தைக் கொடுத்தார். முந்தைய தடவையே ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள், இத்தனை நாள் டிவிக்கு அடியில் கிடந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. நெஞ்செலும்பைத் திறப்பார்கள் என்று சொன்னேன், காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்பார்கள் என்று சொன்னேன்.

“ஆபத்து இருக்கா?”

“இருக்குப்பா. செய்யாம விட்டா அதவிட அதிகம்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். டோல் சாவடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “போடு ஃபோன,” என்றார் அண்ணனிடம். நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. டெண்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதற்குத்தான் சித்தப்பாவுக்கு அரைமணி நேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. வெளியே அத்தை ஜெபமாலை உருட்டுவதுபோல் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மலாயில் சொன்னார். அத்தை என் கையைப் பிடித்து, “என்னா சொன்னாரு? சரியா சொல்லு, இந்தத் தடவ சரியா சொல்லு,” என்றார். சரியாகவே சொன்னேன். இரண்டு தடவை.

நான்காம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு சின்னத் தலையணையை அவர் கையில் கொடுத்து, இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் இதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், எலும்பு சேரும்வரை வலிக்கும் என்றார்.

“எத்தன நாளைக்கு?” என்று என்னைக் கேட்கச் சொன்னார் அப்பா. நான் கேட்டுச் சொன்னேன்.

“ஆறு வாரமாம்பா. முடிஞ்ச வரைக்கும் சிரிக்காம இருங்க.”

“ஆறு வாரமா? அதுக்கு அந்த டெண்டே பரவால்ல,” என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை இறுக்கிக்கொண்டு, “ஆ, ஆ” என்று வலியில் கண்ணை மூடி, மறுபடியும் சிரித்தார். அம்மா, “வாய மூடிக்கிட்டு படுங்களேன்,” என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டார்.

நான் வெளியே நடைபாதையில் போய் உட்கார்ந்தேன். காலையில் யாரோ கையில் திணித்த, தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன் பையில் நசுங்கிக் கிடந்தது. கவரைப் பிரித்தேன். நான்கு நாளில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.